கோலார் பாறையின் சூடும் திருத்தப்பட்ட வெப்பமானிகளும்

கோலார் தங்கவயலின் பாறை எவ்வளவு சூடாக இருக்கிறது என்னும் கேள்வி முதலில் சுரங்க நிர்வாகத்தின் கேள்வியாகவே எழுந்தது. ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனத்தின் மேலாண்மையில் 1880களில் வேகம் பெற்ற தோண்டல், சாம்பியன் ரீப்பில் இறுதியாகச் சுமார் 3.2 கிலோமீட்டர் ஆழத்தை எட்டியது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பநிலை 65 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. மாரிக்குப்பம், ஊரிகம், ஆண்டர்சன்பேட்டை என்று பல மொழிகள் உரசிப் பிறந்த பெயர்களைக் கொண்ட அந்த ஊர்ப் பகுதிகளிலிருந்து நாள்தோறும் இறங்கிய தமிழ்த் தொழிலாளருக்கு அந்த எண் தேவைப்படவில்லை. உடம்பே அதை அறிந்திருந்தது. காற்றோட்டத்துக்கு எவ்வளவு செலவிடுவது, எந்த ஆழத்துக்குமேல் தோண்டல் கட்டுப்படியாகாது என்று கணக்கிட்டவர்களுக்கே எண் தேவைப்பட்டது.

1960களின் நடுவில் அதே கேள்வி வேறொரு துறையின் கேள்வியானது. ஹைதராபாத்தில் 1961இல் தொடங்கப்பட்ட தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஆர்.கே. வர்மாவும் ஆர்.யு.எம். ராவும் கோலார் பாறையின் வெப்பநிலையைக் கொண்டு, பூமியின் உள்ளிருந்து மேல்நோக்கி வரும் வெப்ப ஓட்டத்தைக் கணக்கிட்டு வெளியிட்டனர். இந்தியாவில் இத்துறையில் நிகழ்ந்த தொடக்ககால முயற்சிகளுள் அது ஒன்று. ஆழம் கூடக்கூட வெப்பம் எந்த வீதத்தில் ஏறுகிறது, அந்தப் பாறை வெப்பத்தை எவ்வளவு எளிதில் கடத்துகிறது என்னும் இரண்டு அளவுகளையும் பெருக்கினால் விடை வந்துவிடும். கணக்கு எளிது. அளவெடுப்பதுதான் கடினம்.

சுரங்கத்தின் எந்தத் தளத்திலும் சுவரில் வெப்பமானியை ஒட்டிவைத்தால் கிடைப்பது பாறையின் வெப்பநிலை அன்று. மேலிருந்து செலுத்தப்படும் காற்று அந்தச் சுவரைப் பல மாதங்களாக, சில இடங்களில் பல ஆண்டுகளாகக் குளிர்வித்திருக்கும். ஆகவே குளிர்ச்சி எட்டாத தொலைவுக்குப் பாறைக்குள் துளையிட வேண்டும். துளையிடும்போது உராய்வு வெப்பம் பிறக்கும். துளையில் ஊற்றும் நீர் அதைக் குளிர்விக்கும். இரண்டும் அடங்கும்வரை காத்திருந்த பின்னரே அளக்க வேண்டும். எவ்வளவு ஆழத் துளை, எத்தனை நாள் காத்திருப்பு, எந்தத் துளையைக் கணக்கில் சேர்ப்பது, எதை விலக்குவது ஆகிய ஒவ்வொன்றும் மனிதத் தீர்ப்பு. அட்டவணையில் அச்சாகும் எண்ணுக்கும் வெப்பமானி முதலில் காட்டிய எண்ணுக்கும் இடையில் இத்தனை தீர்ப்புகள் நிற்கின்றன. ஆனாலும் கோலார் வெப்ப ஓட்டக் கணக்கு திருத்தப்பட்டது, ஆகவே பொய் என்று எவரும் நாடாளுமன்றத்திலோ நாளேட்டிலோ வழக்காடியதாக வரலாறு இல்லை. அந்த எண்ணை நம்பி எவருடைய வரியும் எரிபொருளும் வாக்கும் நிற்கவில்லை என்பதே காரணம்.

அதே வகைத் திருத்தம் தரைக்கு மேலுள்ள காற்றின் வெப்பநிலைக்குச் செய்யப்பட்டபோது நிகழ்ந்தது வேறு. அந்தச் சர்ச்சையின் வரலாற்றைப் படிப்போர் முதலில் ஒரு சொல்லில் இடறுவர். ஆங்கிலத்தில் 'பயஸ்' என்னும் ஒரே சொல், கருவி தொடர்ந்து ஒரு பக்கமாகவே பிழைபடுவதையும் குறிக்கும். மனிதர் ஒரு பக்கம் சாய்ந்து தீர்ப்பளிப்பதையும் குறிக்கும். அறிவியல் கட்டுரை முதற்பொருளில் எழுதியதை அரசியல் மேடை இரண்டாம் பொருளில் வாசித்தது. தமிழில் முன்னதைக் கருவிப் பிழை என்றும் பின்னதை மனச்சாய்வு என்றும் தனித்தனியே சொல்ல முடியும். இந்தக் கட்டுரையில் அவ்வாறே கையாளப்படுகிறது. எனினும், வேறு சொல் இருப்பதாலேயே இரண்டும் ஒன்றையொன்று தீண்டாமல் நிற்பதில்லை.

இந்தியாவின் வெப்பமானிப் பதிவு நீண்டது. சென்னை வானாய்வகத்தில் 1796 முதல் வானிலைக் குறிப்புகள் எழுதப்பட்டன. ஜான் கோல்டிங்ஹாம் அப்பணியைத் தொடங்கினார். அகில இந்திய அளவில் ஒழுங்குமுறை வந்தது 1875இல் ஹென்றி பிளான்ஃபோர்டு அரசின் வானிலைப் பொறுப்பாளராக அமர்த்தப்பட்ட பின்னரே. அக்காலத்தில் வெப்பமானிகள் பக்கச்சுவர் இல்லாத கூரைக் கொட்டகைகளில், ஒரு கூண்டுக்குள் தொங்கின. நம் நாட்டு வெயிலுக்கு அது பொருத்தமான ஏற்பாடுதான். ஆனால் ஐரோப்பாவில் பரவியிருந்த ஸ்டீவன்சன் கூண்டு, அதாவது சாய்சட்டங்கள் கொண்ட வெள்ளை மரப்பெட்டி, வேறு வகையில் காற்றை உள்ளே விடும்; வேறு வகையில் வெயிலைத் தடுக்கும். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்திய நிலையங்கள் கொட்டகையிலிருந்து அந்தப் பெட்டிக்கு மாறின. அன்றைய வானிலையாளர் கவனமின்றி இதைச் செய்யவில்லை. இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிட்டும் பார்த்தனர். இருந்தாலும் நூறாண்டுத் தொடரை ஒரே கோடாக வரையும் ஒருவர், கூரை மாறிய ஆண்டைக் காலநிலை மாறிய ஆண்டாகத் தவறாகப் படிக்க வாய்ப்புண்டு.

இந்த ஐயத்தை எப்படிக் கையாண்டார்கள் என்பது கவனிக்கத்தக்கது. பிரிட்டனின் ஹேட்லி மையமும் கிழக்கு ஆங்லியா பல்கலைக்கழகத்தின் காலநிலை ஆய்வுப் பிரிவும் 2006இல் வெளியிட்ட உலக வெப்பநிலைத் தொகுப்பில், வெப்பமண்டலத்தின் 1930க்கு முந்தைய பதிவுகளுக்குப் பிற பகுதிகளைக் காட்டிலும் பெரிய ஐயவரம்பு தரப்பட்டது. அதாவது, கொட்டகைக் காலத்து எண்ணை மாற்றிவிடவில்லை. இந்த எண் இவ்வளவு தூரம் தவறாகவும் இருக்கலாம் என்று அதன் அருகில் எழுதினர். தெரியாததைத் தெரியாதது என்று அளந்து சொல்வதும் ஒருவகைத் திருத்தமே. பொதுவெளிச் சர்ச்சையில் இந்த வகை பேசப்படுவதே இல்லை.

பேசப்பட்டது மற்றொரு வகை. அமெரிக்காவின் பழைய வானிலை நிலையங்களில் பெரும்பாலானவற்றைத் தன்னார்வலர்கள் நடத்தினர். அன்றைய உச்ச வெப்பத்தைக் காட்டி நிற்கும் வெப்பமானியைப் பலர் மாலையில் படித்து, மறுநாளுக்காக மீட்டமைத்தனர். கடும் வெயில் அடித்த ஒரு நாளின் மாலை 5 மணிக்கு ஒருவர் வெப்பமானியை மீட்டமைக்கிறார் என்று கொள்வோம். அப்போதும் காற்று 38 டிகிரியில் இருக்கிறது. மறுநாள் மழை பெய்து உச்சம் 31 டிகிரியைத் தாண்டவில்லை. ஆனால் மறுநாள் மாலை அவர் படிக்கும்போது கருவி 38 என்றே காட்டும். முந்தைய மாலையின் சூடு இன்னொரு முறை எண்ணப்படும். காலையில் படிப்பவருக்கு இதே குழப்பம் குளிர்ந்த விடியல்களில் நேரும். இருபதாம் நூற்றாண்டு நெடுக அமெரிக்க நிலையங்கள் மாலைப் படிப்பிலிருந்து காலைப் படிப்புக்கு மெல்ல மாறின. காலநிலையில் எந்த மாற்றமும் இல்லாதபோதும் பதிவு குளிர்ந்துகொண்டே வந்தது. 1980களில் தாமஸ் கார்லும் அவருடைய உடனாய்வாளரும் இதற்கான திருத்தத்தை வகுத்தனர். அதே பத்தாண்டில் திரவ வெப்பமானிகளுக்குப் பதிலாக மின்னணு உணரிகள் வந்தன. அவை உச்ச வெப்பத்தைச் சற்றுக் குறைத்துக் காட்டின. அதற்கும் ஒரு திருத்தம் சேர்ந்தது.

இரண்டு திருத்தங்களும் அமெரிக்க வெப்பமாதலின் சாய்வைக் கூட்டின. ஐயம் பிறக்க இது போதும். வெப்பமாதல் உண்டு என்று சொல்பவர்களே எண்ணைத் திருத்துகிறார்கள். திருத்தம் அவர்கள் சொல்லும் பக்கமே போகிறது. வேறென்ன சான்று வேண்டும்? இந்தக் கேள்வியை முட்டாள்தனம் என்று ஒதுக்கியது அறிவியலாளர் செய்த பிழை. கேள்வி நியாயமானது. கேட்டவர்களில் பலர் விடைக்காகக் காத்திருக்கவில்லை என்பது வேறு செய்தி.

விடையின் ஒரு பகுதி கடலில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்கு முன் கப்பல்களில் கடல்நீரை வாளியில் மொண்டு, தளத்தில் வைத்து வெப்பமானியால் அளந்தனர். மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது என்று அறிந்த எவருக்கும் இதன் சிக்கல் புரியும். துணி வாளியின் பக்கங்கள் வழியே நீர் ஆவியாகி, அளப்பதற்குள் சற்றுக் குளிர்ந்துவிடும். பின்னாளில் எந்திர அறைக்குள் இழுக்கப்படும் நீரை அளந்தனர். அங்கே எந்திரத்தின் சூடு சேரும். ஆகவே பழைய கடல் வெப்பநிலைகளை உயர்த்தித் திருத்த வேண்டியதாயிற்று. பழையது உயர்ந்தால் பழையதற்கும் இன்றைக்கும் உள்ள இடைவெளி சுருங்கும். புவிப்பரப்பில் ஏறத்தாழ 70 விழுக்காடு கடல். எனவே நிலமும் கடலும் சேர்ந்த உலகக் கணக்கில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதல் இன்றுவரையான வெப்பமாதலைத் திருத்தங்கள் மொத்தமாகக் குறைத்தே காட்டுகின்றன. வெப்பத்தைப் பெருக்கிக் காட்டும் சதி என்று ஒன்று இருந்திருந்தால், அது மிகவும் திறமையற்ற சதி.

இத்தகைய விடை 2009க்கு முன்னும் கைவசம் இருந்தது. ஆனால் அவ்வாண்டு நவம்பரில் கிழக்கு ஆங்லியா பிரிவின் மின்னஞ்சல்கள் திருடப்பட்டு வெளியானபோது அது எவர் காதிலும் ஏறவில்லை. அதிகம் பேசப்பட்ட 'சரிவை மறைத்தல்' என்னும் சொற்றொடர் வெப்பமானிகளைப் பற்றியதே அன்று. மர வளையங்களின் வழி கணித்த பழங்கால வெப்பநிலைகளைப் பற்றியது. ஆனால் மின்னஞ்சல்கள் இன்னொன்றையும் காட்டின. நிலையத் தரவுகளைக் கேட்டவர்களுக்கு அவற்றைத் தராமல் தட்டிக்கழிக்கும் மனப்போக்கு அங்கே இருந்தது. நாடுகளின் வானிலைத் துறைகளோடு செய்த ஒப்பந்தங்கள் தடையாக இருந்தன என்பது உண்மை; அதை மட்டுமே முழுக் காரணமாகச் சொல்ல முடியாது என்பதும் உண்மை.

2010இல் சர் மியூர் ரஸ்ஸல் தலைமையிலான விசாரணை இரண்டு முடிவுகளைத் தந்தது. அறிவியலாளரின் நேர்மையை ஐயுற இடமில்லை. ஆனால் உரிய அளவு வெளிப்படைத்தன்மையைக் காட்ட அவர்கள் தவறினர். அதனினும் பயனுள்ள ஒன்றையும் அக்குழு செய்தது. பொதுவெளியில் கிடைத்த மூலப் பதிவுகளை எடுத்து, கிழக்கு ஆங்லியாவின் நிரலைப் பார்க்காமலே, தானே ஒரு வெப்பநிலைக் கோட்டைக் கணக்கிட்டது. இரண்டு நாள்கூடத் தேவைப்படவில்லை. கோடு ஏறத்தாழ அதே இடத்தில் விழுந்தது. பல ஆண்டுகள் நம்பிக்கை குறித்து நடந்த வாதத்தைவிட அந்த இரண்டு நாள் வேலை அதிகம் சொன்னது. மறைக்க ஏதுமில்லாத ஒன்றை மறைப்பதுபோல் நடந்துகொண்டதன் விலை எவ்வளவு என்பதையும் அது சேர்த்தே சொன்னது. 2011இல் தகவல் ஆணையரின் ஆணைக்குப்பின் நிலையத் தரவுகள் வெளியிடப்பட்டன. அதற்குள் அவற்றைக் கேட்டு நின்ற கூட்டம் பெரும்பாலும் கலைந்துவிட்டது. ஐயம் மட்டும் தங்கிவிட்டது.

அதே ஆண்டுகளில் ரிச்சர்ட் முல்லர் என்னும் கலிஃபோர்னிய இயற்பியலாளர் புதிதாக ஒரு தொகுப்பைத் தொடங்கினார். அவர் ஏற்கெனவே இருந்த தொகுப்புகளை வெளிப்படையாக ஐயுற்றவர். பெர்க்லி எர்த் எனப்பட்ட அம்முயற்சிக்கு நிதி தந்தவர்களுள் எரிபொருள் தொழிலோடு தொடர்புடைய சார்ல்ஸ் கோக் அறக்கட்டளையும் ஒன்று. காலநிலை ஐயுறவாளருள் புகழ்பெற்ற அந்தோணி வாட்ஸ், முடிவு எதுவாயினும் ஏற்பேன் என்று 2011 மார்ச்சில் எழுதினார். முடிவு பழைய தொகுப்புகளோடு ஒத்துப்போனது, முல்லர் தாம் மனம் மாறியதை 2012இல் பொதுவில் அறிவித்தார், வாட்ஸ் ஏற்கவில்லை. இந்தக் கதையைச் சொல்வோர் பெரும்பாலும் வாட்ஸைக் குற்றம் சொல்வதோடு நிறுத்திக்கொள்வர். முல்லர் மனம் மாறியதைச் சான்றாகக் காட்டுவதும் அதே குறையுடையதுதான். ஒருவர் முன்பு ஐயுற்றார், இப்போது நம்புகிறார் என்பது அவருடைய வாழ்க்கை வரலாறு. அவருடைய குழுவின் முறை வேறானது என்பதும், அவர்கள் நிரலையும் தரவையும் திறந்துவைத்தனர் என்பதுமே அறிவியலுக்கு உரியவை.

2015இல் சர்ச்சை மீண்டும் எழுந்தது. கார்லும் சக ஆய்வாளரும் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட கட்டுரை, 1998க்குப்பின் வெப்பமாதல் தணிந்தது என்னும் கருத்தைக் கேள்விக்குள்ளாக்கியது. கப்பல்களின் இடத்தைத் தானியங்கி மிதவைகள் பிடித்துவந்தன. மிதவைகள் கப்பலைவிடச் சுமார் 0.12 டிகிரி குறைவாகக் காட்டின. அந்த வேறுபாட்டைச் சரிசெய்தால் தணிவு மங்குகிறது என்பது வாதம். அமெரிக்கப் பிரதிநிதிகள் அவையின் அறிவியல் குழுத் தலைவர் லாமர் ஸ்மித், அறிவியலாளரின் உள் மடல்களைக் கேட்டு ஆணை அனுப்பினார். 2017 பிப்ரவரியில், அந்த நிறுவனத்திலிருந்து ஓய்வு பெற்ற ஜான் பேட்ஸ் தொடுத்த குற்றச்சாட்டைப் பிரிட்டிஷ் ஞாயிறு நாளேடு ஒன்று தரவு மோசடி என்னும் தொனியில் வெளியிட்டது. பேட்ஸின் குறை உண்மையில் தரவைச் சேமித்து ஆவணப்படுத்தும் நடைமுறை முறையாகப் பின்பற்றப்படவில்லை என்பது. எண்களை மாற்றினார்கள் என்று தாம் சொல்லவில்லை என அவரே பின்னர் விளக்கினார். பிரிட்டனின் பத்திரிகை ஒழுங்காற்று அமைப்பு அவ்வாண்டு செப்டம்பரில் அந்தச் செய்தி வாசகரைத் தவறாக வழிநடத்தியது என்று தீர்ப்பளித்தது.

ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்னரே, 2017 ஜனவரியில், ஜீக் ஹவுஸ்ஃபாதரும் உடனாய்வாளரும் ஓர் எளிய சோதனையைச் செய்துவிட்டனர். கப்பலையும் மிதவையையும் ஒட்டுவதில்தானே ஐயம்? ஒட்டாமலே பார்ப்போம் என்று மிதவைகளை மட்டும் கொண்டு ஒரு கோடு, செயற்கைக்கோள்களை மட்டும் கொண்டு ஒரு கோடு, கடலில் மூழ்கி மிதக்கும் ஆர்கோ கருவிகளைக் கொண்டு ஒரு கோடு எனத் தனித்தனியே வரைந்தனர். மூன்றும் கார்லின் திருத்தப்பட்ட கோட்டுக்கு நெருக்கமாக நடந்தன. நிலத்திலும் இதுபோன்ற ஒன்று நடந்தது. 2000களில் அமெரிக்கா இடமாற்றமோ நகரப் பெருக்கமோ தீண்டாத இடங்களில் புதிய மேற்கோள் நிலையங்களை நிறுவியது. அவற்றுக்குத் திருத்தமே தேவையில்லை. 2016இல் ஒப்பிட்டபோது, அருகிலிருந்த பழைய நிலையங்களின் மூல எண்களைவிடத் திருத்தப்பட்ட எண்களே புதிய நிலையங்களோடு அதிகம் பொருந்தின. திருத்தியவரின் மனச்சாய்வு என்ன என்னும் கேள்விக்கு இந்தச் சோதனைகளில் எந்த வேலையும் இல்லை.

இந்தியாவில் இதே அளவு கூர்மையோடு விவாதம் நடக்கவில்லை. நடக்காததற்கு நம்பிக்கை காரணமன்று. புணேயிலுள்ள தேசியத் தரவு மையத்தில் நிலையவாரிப் பதிவுகளைப் பெற விண்ணப்பமும் பெரும்பாலும் கட்டணமும் வேண்டும். கட்டத் தரவுகளாக வெளியிடப்படுபவை ஏற்கெனவே நிலையங்களைக் கலந்து நிரப்பியவை. நிலையம் எப்போது இடம்மாறியது, கருவி எப்போது மாறியது, அருகில் எப்போது கட்டடம் எழுந்தது என்னும் நிலைய வரலாறு ஆய்வு மாணவர்க்கு எளிதில் கிடைப்பதில்லை. கேட்க ஆளில்லாத இடத்தில் ஐயமும் எழுவதில்லை. ஆனால் அதை நம்பிக்கை என்று கணக்கெழுதக் கூடாது.

அந்தப் பதிவுகள் காட்டும் எண் ஒருவகையில் வியப்பானது. 1901 முதல் இந்தியாவின் சராசரி வெப்பநிலை நூற்றாண்டுக்குச் சுமார் 0.6 முதல் 0.7 டிகிரி வரை உயர்ந்திருக்கிறது. உலக நிலப்பரப்பின் சராசரி உயர்வைவிட இது குறைவு. காற்றில் மிதக்கும் மாசுத் துகள்கள் வெயிலைத் தடுப்பதும், வட இந்தியச் சமவெளியின் பாசனம் நிலத்தைக் குளிர்விப்பதும் காரணங்களாகக் கூறப்படுகின்றன. அச்சத்தைக் கிளப்ப எண்ணைச் சமைப்பவர்கள், நூற்று நாற்பது கோடிப் பேர் வாழும் நாட்டை ஏன் விட்டுவைத்தார்கள் என்பதற்குச் சதிக்கொள்கையினரிடம் விடை இல்லை. ஆயினும் இது வாதத் திறமை மட்டுமே; சான்று ஆகாது. சான்றுக்கு வெப்பமானிப் பெட்டியோடு தொடர்பில்லாத இன்னொரு சாட்சி வேண்டும்.

அந்தச் சாட்சி பாறை. கோலாரில் வெப்ப ஓட்டத்தை அளந்த அதே துறை, நாற்பதாண்டுக்குள் வேறொரு பயனைத் தந்தது. தரையின் மேற்பரப்பில் நிகழும் வெப்ப மாற்றம் மெல்லப் பாறைக்குள் இறங்கும். பகல் இரவு வேறுபாடு ஒரு மீட்டருக்குள் மறையும். கோடை குளிர்கால வேறுபாடு சுமார் 20 மீட்டருக்குள் மறையும். நூறாண்டு அளவிலான மாற்றம் நூறு மீட்டரையும் கடந்து இறங்கும். கைவிடப்பட்ட ஆழ்துளையில் வெப்பமானியை இறக்கி, சில மீட்டருக்கு ஒருமுறை அளந்தால், ஆழத்தில் வெப்பநிலை நேர்கோடாக ஏறுவதைக் காணலாம். மேலே வரவர அக்கோடு வளையும். அடியிலுள்ள நேர்கோட்டை மேற்பரப்புவரை நீட்டினால், முன்பு தரை எவ்வளவு சூடாக இருந்தது என்பது கிடைக்கும். இன்றைய சூட்டுக்கும் அதற்கும் உள்ள வேறுபாடே வெப்பமாதல். கோலாரின் ஆழ்தளங்களில் அளக்கப்பட்டவை அண்மைக்கால மாற்றம் எட்டாத அந்த அடிநேர்கோட்டின் பகுதியைச் சேர்ந்தவை. அவை தாமாகக் காலநிலை பேசுவதில்லை. எனினும் அங்கே பழகிய முறையே பிற்பாடு காலநிலைக்குத் திருப்பப்பட்டது.

2002இல் சுகந்த ராய், ராபர்ட் ஹாரிஸ், ஆர்.யு.எம். ராவ், டேவிட் சாப்மன் ஆகியோர் இந்தியாவின் 70 இடங்களின் ஆழ்துளை அளவுகளைத் தொகுத்து வெளியிட்டனர். கடந்த ஏறத்தாழ 150 ஆண்டுகளில் தரை வெப்பநிலை சராசரியாக 0.9 டிகிரி உயர்ந்தது என்பது முடிவு. கோலாரில் வெப்பத்தை அளந்த ராவ் அதே பெயரோடு இங்கும் நிற்கிறார். துளையினுள் கொட்டகை இல்லை, வெள்ளைப் பெட்டி இல்லை, மாலைப் படிப்பும் காலைப் படிப்பும் இல்லை, கிழக்கு ஆங்லியாவும் இல்லை. அது காட்டும் உயர்வு வெப்பமானிகளின் நூற்றாண்டு வீதத்தோடு இசைகிறது.

பாறையைத் தெய்வசாட்சி ஆக்குவதும் தவறு. காடழிந்தால் தரை சூடாகும். பாசனம் வந்தால் குளிரும். நிலத்தடி நீர் ஓடினால் கோடு கலங்கும். கலங்கிய துளைகளை விலக்கும்போது ஆய்வாளர் மீண்டும் தீர்ப்பளிக்கிறார். ஆனால் பாறையின் பிழைகளும் பெட்டியின் பிழைகளும் ஒரே காரணத்தால் பிறப்பவை அல்ல. அவை தற்செயலாக ஒரே விடையைத் தர வேண்டிய கட்டாயம் இல்லை. இரண்டும் இசையும்போது அந்த இசைவுக்கு எடை கூடுகிறது.

கோலாருக்கு இந்தப் பாடம் வேறொரு வழியிலும் நேர்ந்திருக்கிறது. 1965இல் காற்றுமண்டல நியூட்ரினோக்களை முதலில் கண்ட இடங்களுள் ஒன்று அந்தச் சுரங்கம். 1980இல் அங்கே சுமார் 2,300 மீட்டர் ஆழத்தில் டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனமும் ஜப்பானியப் பல்கலைக்கழகங்களும் புரோட்டான் சிதைவைத் தேடும் கருவியை நிறுவின. அடுத்த ஓரிரு ஆண்டுகளில், சிதைவாக இருக்கக்கூடிய சில நிகழ்வுகளை அக்குழு அறிவித்தது. புரோட்டான் சிதையும் என்று கோட்பாடு எதிர்பார்த்திருந்த காலம் அது. நியூட்ரினோக்கள் தரும் பின்னணியிலிருந்து அவற்றைப் பிரித்துக்காட்ட முடியுமா என்பதே கேள்வி. அமெரிக்காவின் ஒஹையோ உப்புச் சுரங்கத்திலும் ஜப்பானின் கமியோகாவிலும் அமைந்த பெரிய நீர்க்கருவிகள் தேடின; சிதைவு தென்படவில்லை. இன்றுவரை புரோட்டான் சிதைவு காணப்படவில்லை. கோலார் குழுவை எவரும் மோசடியாளர் என்று சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. அவர்கள் கண்டதை வெளியிட்டனர். பிறர் வேறு கருவியால் தேடினர். கேள்வி அந்த வழியில் தீர்ந்தது. கோட்பாட்டின் எதிர்பார்ப்பு கண்ணைச் சாய்த்திருக்கலாம் என்று கொண்டாலும், அதைக் கண்டுபிடிக்க மனத்துக்குள் எட்டிப்பார்க்க வேண்டிய தேவை எழவில்லை.

2024 மே 29 அன்று டெல்லியின் முங்கேஷ்பூர் தானியங்கி நிலையம் 52.9 டிகிரி காட்டியது. ராஜஸ்தானின் பலோடியில் 2016 மே 19 அன்று பதிவான 51 டிகிரியே அதுவரை நாட்டின் உச்சம். அதே நாளில் டெல்லியின் பிற நிலையங்கள் பல டிகிரி குறைவாகவே காட்டின. மறுநாள் நாக்பூரில் ஒரு தானியங்கி நிலையம் 56 டிகிரி என்றது. வானிலைத் துறை முங்கேஷ்பூருக்குக் குழு அனுப்பித் தரநிலைக் கருவியை அருகில் வைத்து ஒப்பிட்டது; உணரி சுமார் 3 டிகிரி கூட்டிக் காட்டுகிறது என்று அறிவித்தது. நாக்பூர் எண்ணும் கருவிக் கோளாறு எனப்பட்டது.

அமெரிக்காவில் திருத்தம் வெப்பத்தைக் கற்பிக்கிறது என்று ஐயுற்றார்கள். இங்கே திருத்தம் வெப்பத்தை மறைக்கிறது என்று ஐயுற இடம் பிறந்தது. வெயிலில் வேலை செய்வோர்க்கு ஓய்வு நேரம் அறிவிப்பதா, பள்ளிகளை மூடுவதா என்பவை இத்தகைய எண்களை ஒட்டியே முடிவாகின்றன. ஆகவே அந்த ஐயமும் அற்பமானதன்று. துறையின் முடிவு பெரும்பாலும் சரியானதே. அருகருகே வைத்து ஒப்பிடுவதைவிட நேரான சோதனை இல்லை. ஆனால் வரலாற்று மாணவர் கேட்க வேண்டிய கேள்வி அடுத்தது: அந்த உணரி எந்த நாளிலிருந்து 3 டிகிரி கூட்டிக் காட்டியது? முந்தைய மாதங்களின் எண்கள் எந்தத் தொகுப்பில் எப்படி எழுதப்பட்டிருக்கின்றன? ஒப்பீட்டின் மணிவாரி எண்கள் எங்கே கிடைக்கும்? நூறாண்டு கழித்து டெல்லியின் வெப்பநிலைத் தொடரைச் சீராக்க வரும் ஒருவருக்கு, கொட்டகைக் காலத்து இந்தியா இன்று நமக்கு இருப்பதுபோலவே 2024 இருக்கும்.

கோலார் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. நீரிறைப்பு நின்றபின் ஆழ்தளங்களில் நீர் ஏறியது. பாறையில் துளையிட்டுச் சூடு அளந்த அந்த இடங்களுக்கு இனி எவரும் இறங்கி அளவைச் சரிபார்க்க முடியாது. அச்சிட்ட அட்டவணைகளும், அவற்றை எப்படி எடுத்தார்கள் என்று எழுதிவைத்த சில பக்கங்களும் நூலகங்களில் இருக்கின்றன.